வெள்ளைப் பாத்தியில் ஒரு பச்சைத் தடம்

காலை ஏழு மணிக்குப் பூ ஷெட்டின் கறுப்புத் துணியைச் சுருட்டி மேலே ஏற்றியபோது முதலில் பார்த்தவள் கனி.

"ஏ காலேஜு, இங்கன வந்து பாரு" என்று கூப்பிட்டாள். அவள் எனக்கு வைத்த பெயர் அது. எப்போதும் அதில் ஒரு கேலி ஒட்டிக்கொண்டிருக்கும். அன்று இல்லை.

உள்ளே சாமந்தி முழுவதும் வெளுத்திருந்தது. மூன்று நாட்களாக அங்கொன்றும் இங்கொன்றுமாக நிறம் காட்டிய மொட்டுகள் அன்று மொத்தமாக விரிந்திருந்தன. எட்டுப் பாத்திகளும் வேட்டி உலர்த்தியது போலக் கிடந்தன. மார்கழிப் பனி பிளாஸ்டிக் கூரையின் உள்பக்கம் திரண்டு, நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளைக்கு நடுவே ஒரு பச்சைத் தடம் இருந்தது.

மேற்கு வாசலில் கையகலத்தில் தொடங்கி, உள்ளே வர வர அகன்று, ஐந்தாவது பாத்தியின் நடுவே ஓர் ஆள் நிற்கும் அகலத்தில் அது முடிந்திருந்தது. அந்தத் தடத்தில் நின்ற செடிகளில் ஒரு மொட்டுகூட இல்லை. பக்கத்துச் செடிகளைவிட ஒரு சாண் உயரமாக, கரும்பச்சையாக, நேராக நின்றன.

"யாரோ உள்ள நடந்து வந்திருக்காக" என்றாள் மாடத்தி.

"நடந்தாச் செடி சாயும்ல. இது நட்டமா நிக்குது பாரு" என்றாள் கனி.

எங்களோடு நின்ற பேச்சியம்மாள் அக்கா, தடம் முடிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. கூட்டத்தில் தெரிந்த ஆளைப் பார்த்துவிட்டது போல இருந்தது. நான் அதைக் கவனித்தேன். ஆனால் பொருட்படுத்தவில்லை.

வெக்கை ஊரில் கொய்மலர்

பூப்பண்ணையில் சூப்பர்வைசராக இருந்ததைப் போன வாரம் போகிற போக்கில் எழுதியிருந்தேன். கந்தகம் மணக்கிற ஊரில் பூவா என்று சாத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான்.

செல்போன் எங்கள் பக்கத்துப் பெண்கள் கைக்கு இன்னும் வராத காலம் அது. திருத்தங்கலில் காதர் பாய் என்று ஒருவர் இருந்தார். கல்யாண மேடைக்கு வேண்டிய ஜிகினாத் தாளும் காகிதத் தோரணமும் விற்பது அவர்கள் குடும்பத் தொழில். திடீரென்று கல்யாண வீட்டார் எல்லோரும் மேடைக்கு நிஜப் பூ வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஓசூர் பக்கத்திலிருந்து பெட்டி பெட்டியாகப் பூ வந்து இறங்கியது. பாய் ஓசூருக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பூ எப்படியும் என் தாளை வெரட்டத்தான் போகுது. வெரட்டுறதை நாமளே வளத்து வித்துட்டா என்னன்னு தோணுச்சு" என்பார்.

ஆனைக்குட்டம் போகிற சாலையில் அவருக்கு இருந்த நிலத்தில் இரண்டு பசுமைக்குடில்கள் போட்டார். பலகையில் அப்படித்தான் நான் எழுதினேன். ஊரில் எல்லோருக்கும் அது பிளாஸ்டிக் ஷெட். கார்த்திகையிலிருந்து மாசி வரைதான் எங்கள் சீசன். தை, மாசி முகூர்த்தங்களுக்கு நீளத் தண்டோடு வெள்ளைச் சாமந்தி. பங்குனி பிறந்துவிட்டால் அந்தக் கூரைக்கடியில் ஆளும் நிற்க முடியாது, பூவும் நிற்காது.

சாமந்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது இரவின் நீளத்தை அளந்து பூக்கிற செடி. இரவு குறைவாக இருக்கிறது என்று நம்பினால் தண்டை நீட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். நீண்ட இரவு வந்துவிட்டது என்று நம்பினால் மொட்டு வைக்கும். எனவே ஒரு ஷெட்டில் பொழுது சாய்ந்ததும் குண்டு பல்புகளை எரியவிட்டுக் கன்றுகளை ஏமாற்றி வளர்ப்போம். பக்கத்து ஷெட்டில் மாலை ஐந்து மணிக்கே கூரையிலும் பக்கங்களிலும் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, மறுநாள் ஏழு மணி வரை இருட்டில் வைத்துப் பூக்க வைப்போம். ஒரு நடவு முடிந்ததும் இரண்டு ஷெட்டும் வேலையை மாற்றிக்கொள்ளும்.

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே இருட்டு செய்வதுதான் எங்கள் வேலை. முதல் வாரம் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. துணி இறங்கியதும் செடிகளின் கசப்பு வாசனை திடீரென்று கூடும். அதற்குப் பிறகு உள்ளே யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

லேபிளின் பின்பக்கம்

என் குடும்பத்தில் எழுத்தைத் தொட்ட முதல் ஆள் நான். அம்மா பட்டாசு கம்பெனியில் பெட்டி மடித்தாள். அப்பா மானாவாரிக் காட்டு வேலை இல்லாமல் போனபின் லோடு ஏற்றப் போனார். அச்சாபீசில் தப்பாக அச்சடித்து ஒதுக்கிய வெடி லேபிள் தாள்களை அப்பா கட்டாக வாங்கி வருவார். ஒரு பக்கம் சிங்கமும் ராக்கெட்டும் நிறம் விலகிச் சிரிக்கும். மறுபக்கம் வெறுமை. என் பள்ளிக்கூட நோட்டுகள் எல்லாம் அந்த மறுபக்கம்தான். பிளஸ் டூ வரை நான் போட்ட ஒவ்வொரு கணக்குக்கும் முதுகில் ஒரு சிங்கம் இருக்கும்.

தாவரவியல் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, பூ ஷெட்டில் வேலை என்றதும் அம்மா, "களை எடுக்கவா காலேஜுக்கு அனுப்புனோம்?" என்று கேட்டாள். களை எடுப்பவர்களுக்கு வேலை சொல்லப் போகிறேன் என்றேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பச்சைத் தடத்தைப் பார்த்து மாடத்தி கும்பிடு போட்டபோது நான் சிரித்தேன். காரணம் எனக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இரண்டு ஷெட்டின் மேற்கு வாசல்களும் ஒரே முற்றத்தைப் பார்த்தவை; விளக்கு ஷெட்டின் வெளிச்சம் அங்கே விழும். அந்த வாசல் துணியை யாரோ தினமும் கையகலம் திறந்து வைத்திருக்கிறார்கள். பல்பு வெளிச்சம் அந்த இடுக்கு வழியாக உள்ளே விழுந்து, போகப் போக விரிந்திருக்கிறது. வெளிச்சம் பட்ட செடிகளுக்கு நீண்ட இரவு வரவே இல்லை. எனவே பூக்கவில்லை.

பாயிடம் போய்ப் பெருமையாக இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது.

"அப்ப பேயும் இல்ல, பிசாசும் இல்ல. ஆளு" என்றார் பாய்.

"ஆமா பாய்."

"நம்ம ஆளுகள்ல ஒருத்தி."

பாய் கையிலிருந்த கணக்கு நோட்டை மூடினார்.

"அடுத்த ஷெட்டு மாசி லோடுக்கு. இந்தத் தடத்தால தை லோடுல ஒரு மேடைக்குப் பூக் கொறையுது, தெரியும்ல? இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா பிளாஸ்டிக்கைப் பிரிச்சிருவேன். வர்ற சனிக்கிழமைக்குள்ள யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு தாயி. அன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிருவோம்."

பெயர் கூப்பிடுதல்

பாய் வேலைக்கு எடுத்த பெண்கள் மூவரும் பட்டாசு கம்பெனியிலிருந்து வந்தவர்கள். அந்த வேலைக்கென்று சில பழக்கங்கள் உண்டு. அவை ஆளை விட்டுப் போவதில்லை. ஷெட்டுக்குள் நுழையும்போது செருப்பை வெளியே விடுவார்கள். கத்தரிக்கோலைக் கீழே போட மாட்டார்கள், குனிந்து மெதுவாக வைப்பார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் எங்காவது வெடி சோதித்துப் பார்க்கும் சத்தம் கேட்டால் மூன்று பேர் கையும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்து, பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பேச்சியக்காவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. நாற்பது வயதிருக்கும் அவருக்கு. இடது கன்னத்தில் மிளகு தூவியது போலக் கரும்புள்ளிகள். வெடித்த மருந்து தோலுக்குள் புகுந்து தங்கியது. மாலையில் துணியை இழுத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்ததும், மேற்கு வாசலில் நின்று பெயர் கூப்பிடுவார்.

"கனி."

"வந்தாச்சு."

"மாடத்தி."

"வந்தாச்சு."

"மாரீஸ்வரி."

"வந்தாச்சு" என்று நான் விளக்கு ஷெட்டின் சுவிட்சுப் பக்கத்திலிருந்து கத்துவேன்.

அவர்கள் கம்பெனியில் போர்மேன் கற்றுக்கொடுத்த பழக்கமாம். ஒரு ரூமில் நாலு பேர் வேலை செய்தால், கிளம்பும்போது நாலு பேரும் வெளியே வந்தாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்கள். பூவுக்கு எதற்கு இது என்று கனி கேலி செய்வாள். ஆனாலும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

வாசல் துணியை இறக்கி அடிக்கயிறு கட்டுவது பேச்சியக்காவின் வேலை. இரண்டாவது ஷெட்டில் இருட்டுப் போட ஆரம்பித்த மூன்றாம் நாள் காலையில் நான் சீக்கிரமே போய்ப் பார்த்தேன். அடிக்கயிறு அவிழ்ந்திருந்தது. துணி கையகலம் ஒதுங்கியிருந்தது. நான்காம் நாளும் அப்படித்தான். ஐந்தாம் நாளும்.

சந்தேகப்பட அதிகம் பேர் இல்லை. ஆனால் கண்ணால் பார்க்காமல் ஒருவர் வேலையைப் பறிக்கக் கூடாது என்று நினைத்தேன். அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். இப்போது எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

உள்ளே

வியாழக்கிழமை, தலை வலிக்கிறது, நான்கு மணி பஸ்ஸுக்குப் போகிறேன் என்று மூவரிடமும் சொன்னேன். சாலை வரை நடந்தேன். சுற்றிக்கொண்டு வந்து கிழக்கு வாசல் வழியாக உள்ளே புகுந்து, ஐந்தாவது பாத்திக்கும் ஆறாவதுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டேன். செடிகள் என் தலைக்கு மேல் நின்றன.

ஐந்து மணிக்குத் துணி வந்தது. கூரையில் கிழக்கிலிருந்து மேற்காக ஓர் இருட்டு நகர்ந்து வந்து என்னைத் தாண்டிப் போனது. பக்கத் துணிகள் இறங்கின. கடைசியாக மேற்கு வாசல்.

வெளியே வெயில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் உடம்பு அதை நம்பவில்லை. என் கையை என்னால் பார்க்க முடியவில்லை. தூரத்தில் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஒரு குரலில் பெயர்கள் கேட்டன. கனி. மாடத்தி. என் பெயர் இல்லை, நான் பஸ் ஏறிவிட்டேன். பிறகு காலடிகள் விலகின. பிறகு ஒன்றும் இல்லை. துணி மட்டும் உப்பி, அடங்கி, உப்பி, அடங்கிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மேற்கு வாசலின் அடியில் ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது. கோடு மெல்ல அகன்றது. ஒரு கை துணியைப் பிடித்திருந்தது.

"லட்சுமி" என்றது பேச்சியக்காவின் குரல். பிள்ளையை எழுப்புகிற மாதிரி. "தெறந்துதான் இருக்கு. வாடி."

அப்போது எனக்குப் பின்னால் இலைகள் உரசின.

ஒருவர் பாத்திகளுக்கு நடுவே கையை வீசாமல், உடம்பை ஒடுக்கி நடந்தால் வருகிற ஓசை. அது கிழக்கிலிருந்து வந்தது. என் தோளுக்குப் பக்கத்தில் வந்தது. என் வலது பக்கத்துச் செடிகள் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்து என் கன்னத்தில் பட்டன. ஓசை என்னைக் கடந்து வாசல் பக்கம் போனது.

காற்றுதான். ஒரு பக்கம் அடைத்த இடத்தில் மறுபக்கம் திறந்தால் காற்று அந்தப் பக்கம் இழுக்கும். அன்றே அதைச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதைச் சொல்லிக்கொள்வதற்கு முன்பே நான் எழுந்து வெளிச்சத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்திருந்தேன்.

"வந்துட்டியா" என்றார் பேச்சியக்கா.

துணிக்குள் கையை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். நெருப்பிலிருந்து இழுப்பது போல இழுத்தார். நான் வெளியே வந்து மண்ணில் முட்டி போட்டு விழுந்தேன். வெயில் கண்ணைக் குத்தியது. அவர் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"நீயா" என்றார்.

என் பட்டத்தை, என் வேலையை, என் பெயரை யார் எப்படிச் சொன்னாலும் நான் இவ்வளவு சின்னவளாக உணர்ந்ததில்லை. அந்த இரண்டு எழுத்தில் அவ்வளவு ஏமாற்றம் இருந்தது.

சாத்திய கதவு

அவர் கோபப்படவில்லை. ஒளிந்திருந்து பார்த்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார வைத்து முட்டியைக் கழுவிவிட்டார்.

"அன்னைக்குக் காத்து" என்றார், நான் கேட்காமலே. "மருந்துத் தூளு பறக்குதுன்னு மேக்க உள்ள கதவை நான்தான் சாத்துனேன். வேலை நடக்கையில கதவைச் சாத்தக் கூடாதுன்னு தெரியும். செத்த நேரம்தானன்னு சாத்துனேன். அவ அந்தக் கதவை ஒட்டி உக்காந்திருந்தா."

"லட்சுமியா?"

"முத்துலட்சுமி. பதினெட்டு வயசு. வாயி ஓயாது. வெடிச்சதும் கெழக்க உள்ள கதவு வழியா நாங்க மூணு பேரு வந்துட்டோம். வெளிய நின்னு பேரு கூப்புட்டேன். ரெண்டு பேரு சொன்னாக. அவ சொல்லல. எம்புட்டு நேரம் கூப்புட்டேன்னு எனக்குத் தெரியாது தாயி. கூப்புட்டுக்கிட்டே இருந்தேன்."

வண்டி ஒன்று சாலையில் போனது. அதன் சத்தம் அடங்கியதும் தொடர்ந்தார்.

"அதுக்கப்புறம் எனக்குக் கதவைச் சாத்த வராது. வீட்டுலகூட ஒருக்களிச்சுத்தான் வைப்பேன். இங்கன துணிதானன்னு சேர்ந்தேன். மொத நாளே தெரிஞ்சு போச்சு. நாலு பேரு போறோம், நாலு பேரு வர்றோம். எனக்கு எண்ணிக்கை ஒண்ணு கொறையுது. கயித்தைக் கட்டிட்டு ரோடு வரைக்கும் போவேன். முடியாது. திரும்பி வந்து அவுத்துருவேன்."

"உள்ள யாரும் இல்லைக்கா."

"நீ இருந்தியே" என்றார்.

நான் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன்.

"பாய்ட்ட சொல்லிரு. ஒன் வேலையும் போயிரக் கூடாது. நான் கம்பெனிக்கே போறேன்" என்று எழுந்தார். சொல்லும்போதே அவர் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையோடு யாரும் அவரை மருந்து ரூமுக்குள் விட மாட்டார்கள். விட்டால் அதைவிட மோசம்.

நான் அப்போது கேட்டதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"லட்சுமி பேரையும் கூப்பிடுங்க. அவங்களுக்குப் பதிலா யாராவது வந்தாச்சுன்னு சொன்னா?"

பேச்சியக்கா மறுபடியும் உட்கார்ந்தார்.

"சொன்னா மூடிருவேன்" என்றார். "அவ சொல்லாம என்னால முடியாது. ஒரு குரலு வந்தாப் போதும்."

நான்காவது பதில்

வெள்ளிக்கிழமை கனியிடமும் மாடத்தியிடமும் விஷயத்தைச் சொன்னேன். அவர்களுக்கு முத்துலட்சுமியைத் தெரியும். யார் பதில் சொல்வது என்று பேச்சு வந்ததும் கனி இரண்டடி பின்னால் போனாள்.

"செத்தவ பேருக்கு நான் நிக்க மாட்டேன். படிச்சவளுக்குத்தான் பயமே கெடையாதே, நீயே சொல்லு காலேஜு."

சொன்னேன். அன்று மாலை சுவிட்சுப் பக்கத்தில் நின்றுகொண்டு முதலில் என் பெயருக்குச் சொன்னேன். பிறகு பேச்சியக்கா கொஞ்சம் நிறுத்தி, "லட்சுமி" என்றார். "வந்தாச்சு" என்றேன். துணி இறங்கும் சத்தமும் கயிறு முறுக்கும் சத்தமும் கேட்டன. மறுநாள் காலை முடிச்சு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை பாயிடம், "அடிக்கயிறு தளர்ந்திருக்கு பாய். காத்துக்குத் துணி ஒதுங்குது. ரெட்டை முடிச்சுப் போட்டாச்சு" என்றேன்.

"ஆளு இல்லையா?"

"ஆளு இல்ல பாய்."

"நீ படிச்ச புள்ள. சொன்னாச் சரிதான்" என்றார். படிப்பை வைத்து நான் சொன்ன முதல் பொய் அது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதற்காக யாரும் காத்திருக்க வேண்டாம். அந்த ஷெட் முழுவதும் மாசியில் ஒரே வெள்ளையாகப் பூத்தது. தடம் எதுவும் இல்லை. லோடு முழுசாகப் போனது. பேச்சியக்கா அடுத்த சீசனும் எங்களோடுதான் இருந்தார். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய ஒரு நாளைப் பற்றி.

விருதுநகர் போன நாள்

மொட்டு மிளகு அளவுக்கு வந்திருந்த நேரம். அந்த வாரம் இருட்டு தவறினால் மொட்டு அப்படியே நின்றுபோகும். பூப்பெட்டிக்கு அளவு சொல்ல வேண்டும் என்று பாய் என்னை மத்தியானம் விருதுநகருக்கு அனுப்பினார். விளக்கு சுவிட்சை அவரே போட்டுவிடுவதாகச் சொன்னார். இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

பெட்டிக் கடையில் நேரமாகிவிட்டது. அளவு குறிக்கிறவர் வரவில்லை. கடைச் சுவரில் இருந்த கடிகாரம் ஐந்தைக் காட்டியபோது நான் கடை வாசலுக்கு வந்து நின்றேன். இந்நேரம் பேச்சியக்கா பெயர் கூப்பிடுவார். பதில் வராது. கயிறு அவிழ்ந்துவிடும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, அன்றிரவு கூடப் படித்தவள் வீட்டில் தங்கினேன். தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

காலை முதல் பஸ்ஸில் வந்து நேராக மேற்கு வாசலுக்கு ஓடினேன்.

துணி தரை வரை இறங்கியிருந்தது. இடுக்கு இல்லை. அடிக்கயிற்றில் ரெட்டை முடிச்சு. பேச்சியக்கா போடுகிற முடிச்சுதான்.

அவர் ஏழு மணிக்கு வந்தார். முகம் தெளிவாக இருந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நேத்து என்ன அம்புட்டு அவசரம் ஒனக்கு? நான் பேரைச் சொல்லி முடிக்கல. அதுக்குள்ள வந்தாச்சுங்குற."

நான் நேற்று இங்கே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் இன்று மாலை துணி திறக்கும். இனி என்றைக்கும் திறக்கும். மூடிக்கொண்டேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்றேன்.

கனியைப் பாத்தி ஓரமாகத் தனியே கூட்டிப் போனேன். அவள் அன்று காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை.

"நேத்து நீ சொன்னியா?"

"நானா? நீ பஸ் ஏறுனதை நான் பாத்தேன். ஒன்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னுதான் முழிச்சிக்கிட்டு நிக்கேன்."

"மாடத்தி?"

"அவ என் கையைப் புடிச்சிக்கிட்டு நின்னா. சொன்னாத் தெரியாதா எனக்கு?"

"பாய்?"

"பாய் சுவிட்சைப் போட்டுட்டு அப்பவே போய்ட்டாக." கனி குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்கு அப்புறம் அக்கா ஒன் பேரைத்தான் கூப்புட்டாக. பதில் வரல. நீ சுவிட்சுகிட்ட நிக்கன்னு நெனச்சு அவுக விட்டுட்டாக. அடுத்து லட்சுமின்னாக. அதுக்குத்தான் வந்துச்சு."

"எங்க இருந்து?"

அவள் கையை நீட்டவில்லை. கண்ணால் மட்டும் ஷெட்டைக் காட்டினாள்.

அன்று மாலை

படித்தவள் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். அன்று மாலை வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பேச்சியக்கா கூப்பிடுவார். பதில் வருகிறதா, வந்தால் யார் வாயிலிருந்து வருகிறது என்று மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். ஒன்றை நீக்கிவிட்டுப் பார். மதியம் முழுவதும் அதையே முடிவாக வைத்திருந்தேன்.

பதில் வராவிட்டால் மொட்டுகள் போகும், பேச்சியக்கா போவார். அதை நினைத்துப் பயந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அந்தப் பயமும் இருந்தது. அது சின்னது.

ஐந்து மணிக்குக் கூரைத் துணியை இழுத்தோம். பக்கத் துணிகளை இறக்கினோம். நான் சுவிட்சுப் பக்கம் போகவில்லை. கனியோடும் மாடத்தியோடும் வாசலிலேயே நின்றேன். வெயில் முதுகில் சுட்டது. முகத்துக்கு நேரே, திறந்திருந்த வாசலில், ஓர் அடிக்கு மேல் கண் போகாத இருட்டு. சாமந்தியின் கசப்பு வாசனை குளிர்ச்சியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"கனி."

"வந்தாச்சு."

"மாடத்தி."

"வந்தாச்சு."

"மாரீஸ்வரி."

"வந்தாச்சு" என்றேன்.

பேச்சியக்கா இருட்டின் பக்கம் திரும்பினார். துணியின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டார். கனி என்னைப் பார்த்தாள். உள்ளே, எங்கோ ஐந்தாவது பாத்திப் பக்கம், இலைகள் அசைவது நின்றது. யாரோ பேசப் போகும்போது அறையில் மற்றவர்கள் அமைதியாவது போல.

"லட்..." என்றார் பேச்சியக்கா.

"வந்தாச்சு" என்று கத்தினேன். எனக்கு முன்னால் வேறு யாரும் சொல்லிவிடக் கூடாது.